2026, 1948, 2569, 1447: எல்லாம் ஒரே ஆண்டுதான்

2026 மே 1, வெள்ளிக்கிழமை. அன்று வெள்ளி என்பதில் எந்த நாட்டுக்காரருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அது எந்த ஆண்டு என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். தாய்லாந்தில் 2569. ஈரானில் 1405. ஹிஜ்ரி கணக்கில் 1447. யூத நாட்காட்டியில் 5786. எத்தியோப்பியாவில் 2018. தைவானில் 115. ஜப்பானில் ரெய்வா 8. இந்திய அரசின் கெஜட் ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்திலேயே சக ஆண்டு 1948 என்று போடும். தமிழ்நாடு அரசின் கணக்கில் திருவள்ளுவர் ஆண்டு 2057. தமிழ்ப் பஞ்சாங்கத்தைத் திறந்தால் 'பராபவ' என்று ஒரு பெயர்தான் முன்னால் நிற்கும்.

இதில் எது சரி? எல்லாமே சரி. ஒரே வீட்டை ஒருவர் "கடைத்தெருவிலிருந்து ஐந்தாவது" என்பார், இன்னொருவர் "கோயிலிலிருந்து எட்டாவது" என்பார். எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பதுதான் வேறுபாடு. வீடு நகரவில்லை.

இதுவரை பலருக்கும் தெரியும். அதனால்தான் சக ஆண்டு என்றால் 78ஐக் கூட்டு, தாய்லாந்து ஆண்டு என்றால் 543ஐக் கழி என்று ஒரு வாய்ப்பாடு வைத்துக்கொள்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. எண்ணும் இடம் மட்டும் வேறாக இருந்தால் கூட்டல் கழித்தல் போதும். ஆனால் ஆண்டு எந்த நாளில் மாறுகிறது, ஓர் ஆண்டு எத்தனை நாள் நீளம், எண்ணுவது நடப்பு ஆண்டையா முடிந்த ஆண்டையா என்பவையும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கின்றன. இவற்றைக் கேட்காமல் மாற்றினால் ஓர் ஆண்டு முன்னே பின்னே போய்விடும். பிறந்த தேதியிலும் கல்வெட்டிலும் ஓர் ஆண்டுப் பிழை சின்ன விஷயம் இல்லை.

எங்கிருந்து எண்ணுகிறோம்?

எண்ணத் தொடங்கும் இடத்தைப் பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள்தான் தீர்மானித்திருக்கிறார்கள். கி.பி. 100இல் வாழ்ந்த யாருக்கும் அது கி.பி. 100 என்று தெரியாது. இயேசுவின் பிறப்பிலிருந்து எண்ணும் முறையை டயோனிசியஸ் எக்சிகூஸ் என்ற துறவி 525ஆம் ஆண்டில்தான் வகுத்தார். அதற்குமுன் அவர் கையாண்ட அட்டவணை ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனின் ஆட்சித் தொடக்கத்திலிருந்து எண்ணியது. கிறிஸ்தவர்களை வதைத்த ஒருவர் பெயரால் ஆண்டைக் கணக்கிட வேண்டாம் என்பது அவர் எண்ணம். ஹிஜ்ரியும் இப்படித்தான். நபிகள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போனது 622இல். அதை முதல் ஆண்டாக வைப்போம் என்ற முடிவு கலீஃபா உமர் காலத்தில், சுமார் 17 ஆண்டு கழித்து வந்தது. அதற்குமுன் அரேபியாவில் நடந்த நிகழ்ச்சியை வைத்து ஆண்டுக்குப் பெயர் சொல்லும் வழக்கம் இருந்தது. 'யானை ஆண்டு' என்பது அதில் பேர்பெற்ற ஒன்று.

கலியுகத்தின் தொடக்கம் கி.மு. 3102 பிப்ரவரி 18. இது வானியலாளர்கள் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பிடித்த நாள். இதை வைத்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம், ஆண்டு மாற்றத்தில் இருக்கும் முதல் பள்ளம் எது என்று தெரிந்துவிடும். ஆரியபடர் தன் நூலில் தன் வயதைச் சொல்கிறார்: கலியுகத்தில் அறுபது அறுபதாக அறுபது தடவை ஆண்டுகள் கழிந்தபோது தனக்கு 23 வயது முடிந்திருந்தது என்று. அறுபது அறுபது 3600. சரி, 3600இலிருந்து 3102ஐக் கழித்தால் 498. ஆனால் சரியான விடை கி.பி. 499.

அந்த ஒன்று எங்கிருந்து வந்தது? கி.மு. 1க்கு அடுத்தது நேராக கி.பி. 1. நடுவில் பூஜ்ய ஆண்டு கிடையாது. கி.மு. 1இல் பிறந்த குழந்தைக்குக் கி.பி. 1இல் ஒரு வயதுதான் ஆகும், இரண்டு ஆகாது. ஆகவே கி.மு.விலிருந்து கி.பி.க்குத் தாண்டும் எந்தக் கணக்கிலும் ஒன்றைச் சரிசெய்தாக வேண்டும். வானியலாளர்கள் இந்தத் தொல்லை வேண்டாம் என்று கி.மு. 1ஐப் பூஜ்யம் என்றும், கி.மு. 2ஐ −1 என்றும் எழுதுகிறார்கள். அந்த வழியில் கி.மு. 3102 என்பது −3101. அதோடு 3600ஐக் கூட்டினால் 499 நேராக வந்துவிடும். அதிலிருந்து 23 போனால் 476, ஆரியபடர் பிறந்த ஆண்டு.

ஆண்டு எந்த நாளில் மாறுகிறது?

ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது நாட்காட்டி காட்டிய தேதி 1731 பிப்ரவரி 11. இன்று வரலாற்று நூல்களில் இருப்பது 1732 பிப்ரவரி 22. நாள் மாறியது புரியும்: ஜூலியன் நாட்காட்டியிலிருந்து கிரிகோரியனுக்கு மாறும்போது பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 11 நாட்களைத் தாண்டின. ஆனால் ஆண்டு ஏன் மாறியது? அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு ஜனவரி 1 அல்ல, மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் பெரும்பகுதி எல்லாம் போன ஆண்டின் வால். 1731 டிசம்பருக்கு அடுத்து வந்ததும் 1731 ஜனவரிதான். குழப்பத்தைத் தவிர்க்க அந்த மாதங்களுக்கு 1731/32 என்று இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள். 1752இலிருந்து ஜனவரி 1க்கு மாறினார்கள். அதனால் இங்கிலாந்தின் 1751ஆம் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிந்துபோன குட்டை ஆண்டு.

தாய்லாந்திலும் இப்படி ஒரு குட்டை ஆண்டு உண்டு. அங்கே ஏப்ரல் 1இல் இருந்த புத்தாண்டை 1941இல் ஜனவரி 1க்கு நகர்த்தினார்கள். அதற்கு முந்தைய 2483ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பதே மாதம். இதை அறியாமல் பழைய ஆவணத்தில் '2480 பிப்ரவரி' என்று பார்த்து 543ஐக் கழித்தால் 1937 வரும். உண்மையில் அது 1938 பிப்ரவரி. 2480 தொடங்கியது 1937 ஏப்ரலில், அதன் பிப்ரவரி அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் விழுந்துவிடுகிறது.

இந்தியத் தேசிய நாட்காட்டிக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். மேகநாத் சாகா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 அன்று இது நடைமுறைக்கு வந்தது. அந்த நாள் சக ஆண்டு 1879, சைத்ர மாதம் 1. எனவே மார்ச் 22 முதல் டிசம்பர் வரை சக ஆண்டோடு 78, ஜனவரியிலிருந்து மார்ச் 21 வரை 79 கூட்ட வேண்டும். (லீப் ஆண்டில் மார்ச் 21இலேயே ஆண்டு பிறந்துவிடும்.) கெஜட்டைப் புரட்டுபவர்கள் இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1948 என்ற எண் நமக்கு ரொம்பப் பழகியது. மாதப் பெயரைப் பார்க்காமல் படித்தால், 2026இல் வந்த ஆணையை 1948இல் வந்தது என்று நினைத்துவிடலாம். பக்கத்தில் சைத்ரம், வைசாகம் என்று மாதம் இருந்தால் அது சக ஆண்டு.

கேரளத்தின் கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில் மாறும், எத்தியோப்பிய ஆண்டு செப்டம்பரில். உலகம் 2000ஐக் கொண்டாடி முடித்து ஏழு ஆண்டு கழித்து, 2007 செப்டம்பர் 12 அன்று எத்தியோப்பியா தன் 2000ஐக் கொண்டாடியது. அவர்களும் இயேசுவிலிருந்துதான் எண்ணுகிறார்கள். அந்தத் தொடக்கம் எந்த ஆண்டு என்ற பழைய கணக்கில் ஏற்பட்ட வேறுபாடுதான் இது.

ஆண்டு எத்தனை நாள்?

ஈரானின் 1405ஐயும் ஹிஜ்ரி 1447ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே, 622ஆம் ஆண்டின் அதே இடப்பெயர்வு. அப்படியிருந்தும் 42 ஆண்டு இடைவெளி. ஈரானியர் எண்ணுவது சூரிய ஆண்டு, 365 நாள் சொச்சம். ஹிஜ்ரி முழுக்க நிலவை நம்புவது: 12 நிலா மாதம், 354 அல்லது 355 நாள். வருஷத்துக்குப் பதினோரு நாள் வீதம் முந்திக்கொண்டே போவதால், ஏறக்குறைய 32 சூரிய ஆண்டில் 33 ஹிஜ்ரி ஆண்டு முடிந்துவிடும். 1,400 ஆண்டில் அந்த வேகம் சேர்த்த கூடுதல்தான் இந்த 42.

அதனால் ஹிஜ்ரிக்கு மட்டும் நிரந்தரமாகக் கழிக்கும் எண் கிடையாது. முதல் ஆண்டில் இடைவெளி 621. 2026 மே மாதத்தில் 579. அது குறைந்துகொண்டே வரும். தோராயமாக அறிய, ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள். 1447க்கு 2025.6 வரும், அதாவது அந்த ஆண்டு 2025இன் நடுவில் தொடங்கி 2026இன் நடுவில் முடிகிறது. 2008இல் ஓர் அரிய சங்கதி நடந்தது. ஹிஜ்ரி 1429 ஜனவரி 10 வாக்கில் பிறந்தது, 1430 அதே டிசம்பர் 29 வாக்கில் பிறந்துவிட்டது. ஒரே ஆங்கில ஆண்டுக்குள் இரண்டு புத்தாண்டு.

யூதர், சீனர் நாட்காட்டிகளும் இந்தியாவின் சந்திரமான நாட்காட்டிகளும் இரண்டையும் விடவில்லை. மாதத்துக்கு நிலவு, ஆண்டுக்குச் சூரியன். விழும் பதினோரு நாளை ஈடுகட்ட இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஓர் அதிக மாதத்தைச் செருகுவார்கள். 19 ஆண்டில் ஏழு அதிக மாதம் என்பது பொதுக் கணக்கு. இவர்களின் ஆண்டெண் அதனால் சூரியனைவிட்டு விலகிப் போவதில்லை, புத்தாண்டு நாள் மட்டும் முன்னும் பின்னும் ஆடும்.

நடப்பதா, முடிந்ததா?

பத்து மாதக் குழந்தைக்கு "முதல் வயசு நடக்கிறது" என்றும் சொல்லலாம், "இன்னும் ஒரு வயசு முடியவில்லை" என்றும் சொல்லலாம். ஆண்டெண்ணிலும் இந்த இரண்டு பழக்கமும் உண்டு. கி.பி. ஆண்டு நடப்பு எண்: 2026 என்றால் 2026ஆவது ஆண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கலி, சக ஆண்டுகள் பெரும்பாலும் கழிந்த எண். 2026 மே மாதத்தில் கலி 5127 ஆண்டு முடிந்து, 5128ஆவது நடக்கிறது. இரண்டு பஞ்சாங்கங்களில் கலியாண்டு ஒன்று வித்தியாசப்பட்டால் அச்சுப்பிழை என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்று முடிந்ததைச் சொல்கிறது, மற்றது நடப்பதைச் சொல்கிறது.

இதற்கு மிக அழகான சான்று புத்தர் ஆண்டு. புத்தரின் பரிநிர்வாணத்தின் (மறைவின்) 2500ஆவது ஆண்டை இலங்கையும் பர்மாவும் இந்தியாவும் 1956இல் கொண்டாடின. தாய்லாந்து 1957இல் கொண்டாடியது. வைத்துக்கொண்ட நிகழ்ச்சி ஒன்று, எண்ணியவர்களிலும் யாரும் தவறவில்லை. பரிநிர்வாணம் நடந்த ஆண்டையே ஒன்று என்று எண்ணினவர்களுக்கு 1956, அது நடந்து ஓராண்டு முடிந்த பிறகு ஒன்று என்று தொடங்கியவர்களுக்கு 1957. இன்றும் இலங்கையின் புத்த ஆண்டு தாய்லாந்தைவிட ஒன்று கூடுதலாக ஓடுகிறது.

எண்ணுக்குப் பதில் பெயர்

பராபவ என்பது அறுபதாண்டுச் சுழற்சியில் 40ஆவது பெயர். கண்டுபிடிப்பது சுலபம். முதல் பெயரான பிரபவ 1987 ஏப்ரலில் தொடங்கியது. 2026இலிருந்து 1987ஐக் கழித்தால் 39, ஒன்றைக் கூட்டினால் 40. (ஏப்ரல் நடுவுக்கு முந்தைய தேதி என்றால் ஒன்று குறைவு.) வியாழன் கோள் ராசிமண்டலத்தைச் சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டு எடுக்கும். அப்படி ஐந்து சுற்று சேர்ந்தது அறுபது. வடநாட்டில் வியாழனின் கணித நகர்வைப் பின்பற்றுவதால் எப்போதாவது ஒரு பெயர் விடுபட்டுப் போகும். தெற்கில் அந்தத் திருத்தம் இல்லை. ஆகவே ஒரே ஆண்டுக்கு வடக்கில் ஒரு பெயரும் தெற்கில் வேறொரு பெயரும் இருக்கின்றன.

சீனாவின் அறுபது வேறு வழியில் வருகிறது. பத்துப் பெயர் கொண்ட ஒரு வரிசை, பன்னிரண்டு விலங்குகளோடு இணைந்த இன்னொரு வரிசை. இரண்டும் பற்சக்கரம்போல ஒன்றோடொன்று சுழலும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு அறுபது, அதனால் அறுபது ஆண்டு கழித்துத்தான் அதே ஜோடி திரும்பும். 1911இல் மன்னராட்சியை முடித்த சீனப் புரட்சிக்கு அந்த ஆண்டின் ஜோடிப் பெயரே நிலைத்துவிட்டது, சின்ஹாய் புரட்சி என்று. 2026 நெருப்புக் குதிரை ஆண்டு. முந்தைய நெருப்புக் குதிரை 1966. அந்த ஆண்டில் பிறக்கும் பெண்கள் கணவனுக்கு ஆகாதவர்கள் என்றொரு நம்பிக்கை ஜப்பானில் இருந்தது. 1965இல் அங்கே சுமார் 18.2 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 1966இல் 13.6 லட்சமாக விழுந்து, 1967இல் 19.4 லட்சத்துக்கு ஏறியது. ஆண்டின் பெயருக்காகப் பெற்றோர் இத்தனை பேர் குழந்தை பெறுவதையே தள்ளிப்போட்டார்கள் என்பது எனக்கு இன்றும் மனதை உறுத்தும் செய்தி.

பெயரின் குறை என்னவென்றால், எந்தச் சுற்று என்பதை அது சொல்லாது. பராபவ என்று மட்டும் எழுதிய ஓர் ஓலை 1966ஆகவும் இருக்கலாம், 1906ஆகவும் இருக்கலாம்.

ஜப்பானின் ரெய்வா எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில் நிற்பது. பேரரசர் மாறும்போது புதுப் பெயர் வைத்து ஒன்றிலிருந்து எண்ணுவார்கள், புத்தாண்டுக்குக் காத்திராமல் ஆண்டும் மாறும். பேரரசர் ஹிரோஹிட்டோ 1989 ஜனவரி 7 அன்று இறந்தார். ஷோவா 64 என்ற ஆண்டு அதோடு முடிந்தது, ஏழே நாள். ஜனவரி 8 முதல் ஹெய்செய் 1. ரெய்வா 2019 மே 1இல் பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கொடுத்த ஓட்டுநர் உரிமங்களில் ஹெய்செய் 35 வரை செல்லும் என்று அச்சாகியிருந்தது. அப்படி ஓர் ஆண்டு வரவே இல்லை. அது ரெய்வா 5 ஆகிவிட்டது.

அரசு நினைத்தால் எண்ணையே மாற்றவும் முடியும். 1976இல் ஈரானின் ஷா, பாரசீக மன்னர் சைரஸிலிருந்து எண்ண வேண்டும் என்று ஆணையிட்டார். மக்கள் 1355இலிருந்து 2535க்குத் தாவினார்கள். எதிர்ப்பு வலுத்த 1978இல் பழைய எண்ணுக்கே திரும்பினார்கள்.

கிழமை மட்டும் அறுபடவில்லை

இத்தனை குழப்பத்துக்கு நடுவில் எதைப் பிடித்துக்கொள்வது? நாளைத்தான். 1582இல் போப் கிரிகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆனது. ஆனால் முதல் நாள் வியாழன், அடுத்தது வெள்ளி. கிழமையை யாரும் தொடவில்லை. ஆண்டும் மாதமும் எப்படி வேண்டுமானாலும் உடையட்டும் என்று, வானியலாளர்கள் நாட்களையே ஒன்றுவிடாமல் வரிசையாக எண்ணுகிறார்கள். ஜூலியன் நாள் எண் என்று அதற்குப் பெயர், கி.மு. 4713இலிருந்து ஓடுவது. 2026 மே 1இன் எண் 24,61,162. இந்தியக் கணிதர்கள் இதே வேலையைக் கலியுகத் தொடக்கத்திலிருந்து செய்து, அதை அகர்கணம் என்றார்கள். அந்தத் தொடக்க நாள் வெள்ளிக்கிழமை. அதிலிருந்து 2026 மே 1 வரை 18,72,696 நாள். ஏழால் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. இரண்டும் வெள்ளி. கணினியில் தேதி மாற்றும் நிரல்களும் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகின்றன: ஒரு நாட்காட்டியின் தேதியை முதலில் நாள் எண்ணாக்கி, அதை அடுத்த நாட்காட்டிக்குக் கொண்டுபோகின்றன.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று, விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்த நாளைச் சொல்கிறது. அதில் கலியும் இல்லை, சகமும் இல்லை. ராஜராஜனுக்கு யாண்டு இருபத்தைந்தாவது, நாள் இருநூற்று எழுபத்தைந்து. அவ்வளவுதான். அவன் என்று அரியணை ஏறினான் என்று தெரியாவிட்டால் இந்த எண்ணால் பயனில்லை. ஆட்சியாண்டோடு கிழமை, நட்சத்திரம், திதி சேர்த்து எழுதிய வேறு கல்வெட்டுகள் கை கொடுத்தன. எந்த ஆண்டில் அந்த நட்சத்திரமும் அந்தத் திதியும் அந்தக் கிழமையில் விழும் என்று கணக்கிட்டு, 985இன் ஜூன் கடைசிக்கும் ஜூலை கடைசிக்கும் இடையில் அவன் ஆட்சி தொடங்கியது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அங்கிருந்து 24 ஆண்டு முடிந்தால் 1009இன் நடு. மேலும் 275 நாள் நகர்ந்தால், பெரிய கோயிலின் உச்சிக்குக் குடம் கொடுத்தது 1010 மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ.